என் கடல்நீர்த் தொட்டியில் தண்ணீர்ச் சோதனை அளவெல்லாம் சரியாக இருந்தும் அக்ரோபோரா பவளம் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வருகிறது. என்ன காரணம்?

தண்ணீரை விடுங்கள்; பவளத்தின் அடியில் அதைத் தின்னும் தட்டைப்புழு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஒரு வரியோடு போயிருப்பேன். ஆனால் 'மூன்று மாதமாக வாரம் இரண்டு முறை சோதிக்கிறேன், கடைக்காரர் மறுபடியும் சோதிக்கச் சொல்கிறார்' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு நகர முடியவில்லை. நான் நான்கு மாதம் சோதித்தேன். நீங்களும் வேலை முடிந்து வந்து, சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்குச் சோதனைக் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, 'இது இன்னும் இளஞ்சிவப்பா, நீலமாகிவிட்டதா' என்று தூங்கப் போகிறவர்களை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கேட்காதீர்கள். அவர்களுக்கும் தெரியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கடல் உயிரியல் படித்தவள் இல்லை. சிங்கப்பூரில் கணக்கு வேலை பார்க்கிறேன். செங்காங்கில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கூடத்தில் மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர். வைத்து எட்டு வருடமாகிறது. இருபது வருடம் வளர்த்தவர்கள் வந்து என்னைத் திருத்தலாம், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தன் தொட்டியில் ஒரு தடவைகூடத் தட்டைப்புழு வராதவர்கள் தயவுசெய்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு டிசம்பரில், கடையில்லாமல் நேரடியாக விற்கும் ஒருவரிடமிருந்து மூன்று சென்டிமீட்டர் அக்ரோபோராத் துண்டு ஒன்றை 60 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். ஊதாத் தண்டு, பச்சை நுனி. பையை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கொடுத்துவிட்டு, "அக்கா, நான் டிப் போட்டுத்தான் தருகிறேன், நீங்கள் நேராகத் தொட்டியில் வைக்கலாம்" என்றார். டிப் என்றால் புதுப் பவளத்தைப் பூச்சிமருந்து கலந்த கடல்நீரில் சில நிமிடம் முக்கி எடுப்பது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே முக்கித்தான் எடுத்திருந்தார். அதுதான் வினை, பின்னால் சொல்கிறேன்.

நான் நேராகத் தொட்டியில் வைத்தேன். அப்போது என்னிடம் பதினொரு அக்ரோபோராக்கள் இருந்தன, சில என் உள்ளங்கையைவிடப் பெரியவை.

பிப்ரவரியில் ஒன்று மங்கியது. பகலில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் பாலிப்புகள் (பவளத்தின் குட்டி உயிர்கள்) உள்ளேயே கிடந்தன. அடியில், வெளிச்சம் படாத பக்கம், வெளிர்ப் புள்ளிகள். நான் என்ன செய்தேன்? சோதித்தேன். அல்கலினிட்டி (காரத்தன்மை) 8, கால்சியம் 420, மக்னீசியம் 1350, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05, வெப்பம் 26. பாடப்புத்தகத்தில் போடலாம். எங்களைப் போன்றவர்கள் கூடும் குழுவில் எழுதினேன். விளக்கைக் குறை என்றார் ஒருவர். கூட்டு என்றார் இன்னொருவர். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ சவ்வை மாற்று, ரெசினை மாற்று, உப்பை மாற்று. எல்லாவற்றையும் மாற்றினேன். வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். 20 கிலோ உப்பு வாளியை யார் தூக்குவது என்பது எங்கள் வீட்டில் தனிப் பிரச்சினையாகவே ஆனது.

கடைக்கும் போனேன். கடையைச் சொல்ல மாட்டேன். நான் படத்தைக் காட்டி நான் கேட்கிறேன். கடைக்காரர் பதிலை என் கணவரைப் பார்த்துச் சொல்கிறார். என் கணவருக்குத் தொட்டியில் இருக்கும் மீனில் எது என்னவென்றே தெரியாது, பையைத் தூக்க வந்தவர். 'அல்கலினிட்டியை நிலையாக வைத்திருக்கச் சொல்லுங்கள்' என்றார் அவரிடம். என்னிடம் சொல்லச் சொல்கிறார்! நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

ஜூன் மாதம். விளக்கு அணைந்த பிறகு, எதற்கென்றே தெரியாமல், கேக்குக்கு வெண்ணெய் ஊற்ற வாங்கிய ரப்பர் குமிழ் உறிஞ்சியால் ஒரு கிளையின் அடியில் பலமாகத் தண்ணீரை அடித்தேன். வெங்காயத்தின் உள்தோல் போல ஒன்று பெயர்ந்து மிதந்தது. அது என்னவென்று நான் யோசிப்பதற்குள் அந்தத் தோல் நெளிந்து நீந்தியது. தூங்கப் போயிருக்க வேண்டிய ஆறுகோட்டு ராஸ் மீன் எங்கிருந்தோ வந்து அதைக் கவ்விக்கொண்டு போயிற்று. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதுதான் தட்டைப்புழு. புழு என்றதும் மண்புழுவை நினைத்துத் தேடாதீர்கள், கிடைக்காது. இது பவளத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியது போல ஒட்டிக்கொள்ளும். உடம்பு கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும். தின்ற பவளத்தின் நிறமே வயிற்றில் தெரிவதால் பச்சைப் பவளத்தில் பச்சையாகவும் பழுப்பில் பழுப்பாகவும் இருக்கும். அக்ரோபோராவைத் தவிர வேறெதையும் தொடாது. அறிவியலாளர்கள் இதற்கு முறையாகப் பெயர் வைத்ததே 2011-ல்தான். வளர்ப்பவர்கள் அதற்கு முன்பே இதனிடம் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். அலுவலகத்தில் வயிற்றுவலி என்றேன். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் தொட்டி நீர் எடுத்து, பவளங்களுக்கென்று விற்கும் டிப் மருந்தைப் போத்தலில் போட்ட அளவுக்கே கலந்து, முதல் பவளத்தைப் பத்து நிமிடம் வைத்து உறிஞ்சியால் எல்லாப் பக்கமும் அடித்தேன். டப்பா கட்டாயம் வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு பவளத்திலிருந்து 23 புழுக்கள் விழுந்தன. இருபத்து மூன்று! எண்ணினேன், ஏனென்றால் எண்ணுவது என் தொழில்.

இப்போது அந்த வினைக்கு வருகிறேன். டிப் புழுவைக் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டைகள் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. பவளத்தின் சதை போய் எலும்பு தெரிகிற இடமாகப் பார்த்து, பெரும்பாலும் அடியில், பொன்பழுப்பாகக் கடுகைவிடச் சிறிய மணிகளை ஒட்டினாற்போல் இட்டு வைத்திருக்கும். பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சில சமயம் இரண்டு மூன்று வாரம். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் நீளும். ஆகவே 'டிப் போட்டாயிற்று' என்பது 'பெரியவர்கள் போய்விட்டார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள்' என்பதற்குச் சமம்.

நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் இதையே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. எல்லா அக்ரோபோராவையும் பிரதான தொட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். சொல்ல எளிது. வருடக்கணக்கில் பாறையோடு ஒட்டி வளர்ந்தவற்றை எலும்பு வெட்டும் கத்தரியால் வெட்டினேன். பாறையில் தோல் போலப் பரவியிருந்த மிச்சச் சதையையும் விடக்கூடாது, அது போதும் புழுவுக்குச் சோறு. ஸ்குரூடிரைவரால் சுரண்டினேன், சுரண்ட வராத இடத்தை எபாக்சி மாவால் பூசி மூடினேன். வெட்டிய துண்டுகளில் எலும்பு தெரியும் அடிப்பாகத்தையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, புதுக் கட்டையில் ஒட்டி, பசையை மேலே ஏறும்படி பூசினேன். பிறகு வாரம் ஒரு டிப், எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் பிரதான தொட்டியில் ஓர் அக்ரோபோராகூட இல்லை. அங்கே தப்பிக் கிடந்தவை பட்டினியில் செத்திருக்கும்.

துண்டுகள் இருந்தது 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் படுக்கும் அறையில், ஏனென்றால் அங்குதான் ஏசி. "ராத்திரி முழுக்கக் கொடகொடவென்று என்னம்மா அது?" என்று மூன்று நாள் கேட்டார், நான்காம் நாள் அவரே உருப்பெருக்கியை வாங்கிக்கொண்டு முட்டை தேட ஆரம்பித்தார். என்னைவிட அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அரிசியில் கல் பொறுக்கிய கண்.

பதினொன்றில் நான்கு பிழைத்தன. போன ஏழில் இரண்டு புழுவால் போகவில்லை, என் வைத்தியத்தால் போயின. மருந்தில் கூடுதல் நேரம் விட்டேன், தொலைபேசி வந்தது, மறந்துவிட்டேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

'ராஸ் மீன் விட்டால் போதுமே, இவ்வளவு ஆர்ப்பாட்டம் ஏன்' என்று யாராவது வருவார்கள். என் தொட்டியில் ஆறுகோட்டு ராஸ் தொடக்கத்திலிருந்தே இருந்தது. கண்ணில் படும் புழுவைத் தின்னும், எண்ணிக்கையைக் குறைக்கும். கிளைக்கு உள்ளே ஒட்டியிருப்பதையும் முட்டையையும் முழுதாகத் துடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். அது குறைத்துக்கொண்டே இருந்ததால்தான் எனக்கு நான்கு மாதம் தெரியாமல் போயிற்றோ என்றுகூட நினைக்கிறேன். தோட்டப் பூச்சிக்கொல்லியில் முக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்கிறது என்கிறார்கள். இறாலும் நண்டும் இருக்கும் தொட்டிக்கு அதில் ஒரு சொட்டுப் போனாலும் ஆபத்து. சமையலறையில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் அதைத் திறக்க மாட்டேன்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் தொடக்கநிலை நான்கில் படித்த என் மகன் தமிழ்க் கட்டுரையில் 'எங்கள் வீட்டில் பவளங்களுக்கு உடம்பு சரியில்லை, அம்மா மருந்து கொடுக்கிறார்' என்று எழுதினான். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'பவளம் உயிரற்றது' என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். 'நவமணிகளில் ஒன்று, அகராதியைப் பார்க்கவும்' என்று பதில் வந்தது. நவமணியில் இருக்கும் பவளமும் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் எலும்புக்கூடுதான் அம்மா! கழுத்தில் போட்டுக்கொள்கிறோம் என்பதற்காக அது கல்லாகிவிடுமா? நாமும் 'பவளப்பாறை' என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் பாறை என்றே நம்ப வைத்துவிட்டோம். அந்த ஒரு மதிப்பெண் இன்றுவரை வரவில்லை. மகன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை.

சரி, உங்கள் பவளம். இன்றிரவு உறிஞ்சியால் அடித்துப் பாருங்கள். வெளிர்ப் புள்ளிகள் தனித்தனியாக, வட்டமாக, கடித்த தழும்பு போல இருந்தால் அநேகமாகத் தட்டைப்புழு. அரை மில்லிமீட்டர் மஞ்சள் புள்ளிகள், முதுகில் சிவப்பு, கிளை மேல் ஊர்ந்தால் அது செம்பூச்சி. அது வேறு வைத்தியம். ஒரே இரவில் சதை மொத்தமாக உரிந்து விழுந்தால் அது பூச்சி வேலை இல்லை. பக்கத்தில் மோன்டிபோரா என்ற இன்னொரு பவளமும் வெளுத்தால் அதன் அடியில் ஓடில்லாத வெள்ளைக் கடல்நத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

ஆத்திரத்தில் பாறையை எடுத்துக் கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். அதில் ஸோவான்தட் (பவளத்தின் ஒன்றுவிட்ட சொந்தம்) ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு வரலாம். அப்படிச் செய்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. இந்தியாவில் இருந்தால், கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. 'மன்னார் வளைகுடாத் துண்டு' என்று யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பவளம் வளர்ப்பதே பாவம் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களுக்கும்: என்னிடம் இருப்பவை எல்லாம் தொட்டியில் வெட்டி, தொட்டியில் வளர்ந்தவை.

போன மாதம் அதே ஆள் மறுபடி செய்தி அனுப்பினார். "அக்கா, நீலத் தண்டு ஒன்று வந்திருக்கிறது, டிப் போட்டாயிற்று." வாங்கினேன். ஐந்தாவது வாரமாகப் பின்னறையில் தனி டப்பாவில் இருக்கிறது. மாமியார் ஊருக்குப் போய்விட்டார், உருப்பெருக்கியை இப்போது நான்தான் பிடிக்கிறேன். நேற்று அடியில் ஏதோ பொன்நிறமாகத் தெரிந்தது, பசையாகவும் இருக்கலாம். இன்றிரவு மறுபடி பார்க்க வேண்டும்.