கல்லீரல் நோயாளிக்கு லாக்டுலோஸ்: மலம் இளகியதும் நிறுத்தலாமா?

வெறும் மலச்சிக்கல் என்றால் நிறுத்தலாம். கல்லீரல் நோயால் வரும் மனக்குழப்பத்துக்குக் கொடுத்திருந்தால், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

லாக்டுலோஸ் குடல் உறிஞ்சிக்கொள்ளாத சர்க்கரை. பெருங்குடலுக்கு நீரை இழுத்து மலத்தை இளக்கும். பலன் தெரிய 2 நாள்கூட ஆகலாம், அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள். குடல் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குவதால், மூளையைக் குழப்பும் கழிவான அம்மோனியா ரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு வெளியேறும். குழப்பம் தெளிவது இதனால்தான்.

மில்லி கணக்கைவிட மலக் கணக்கே முக்கியம்: நாளைக்கு 2 அல்லது 3 முறை, இளக்கமாக. தண்ணீராகப் போனால் நீரும் பொட்டாசியமும் குறைந்து குழப்பம் மோசமாகும் (பலரும் கவனிக்காதது இது). உடனே மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடல் அடைப்பு, கேலக்டோசீமியா (கேலக்டோஸ் என்ற பால் சர்க்கரைக் கூறை உடலால் பயன்படுத்த முடியாத பிறவிக் குறை) உள்ளவர்களுக்கு இந்த மருந்தே ஆகாது.