மழை நாள் லண்டன்: அம்மாவை எங்கே அழைத்துப் போவது?

கேள்வி: 71 வயது அம்மாவோடு அக்டோபரில் லண்டன் போகிறேன். மூட்டுவலியால் கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: முதலில் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர் மாற்றத்தை விட்டுவிடுங்கள். மழை வலுத்தால் ரத்து செய்துவிடுவார்கள். அதுவும் கடைசி நேரத்தில்தான் தெரியும். அதுவரை வேலியோரம் நின்று நனைய வேண்டும். லண்டன் டவரும் அன்றைக்கு வேண்டாம். அரச நகைகள் உள்ளே இருந்தாலும், ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குப் போவது திறந்தவெளியில், கல் பாவிய மேடுபள்ளத் தரையில். ஈரத்தில் கைத்தடி வழுக்கும். செயின்ட் பால்ஸ் தேவாலயம் என்றால் தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் மாடத்துக்கே 257 படிகள்.

மழைநாளில் வயதானவர்களைச் சோர வைப்பது மழையைவிட இடம் மாறுவதுதான். மழைக்கோட்டை மாட்டு, குடையை விரி, நிறுத்தத்தில் நில், மறுபடி எல்லாவற்றையும் கழற்று என்று நான்கு முறை செய்தால் கால் விட்டுப்போகும். அதனால் ஒரே கட்டடமாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தேர்வு பிரிட்டிஷ் மியூசியம். நுழைவு இலவசம் என்பதால் இரண்டு மணி நேரத்தில் அம்மாவுக்குப் போதும் என்று தோன்றினால் கிளம்பிவிடலாம். ‘காசு கொடுத்தாச்சே’ என்று இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

நுழையும் நேரம் குறித்த இலவசச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். பை சோதனைக்கான வரிசை வெளியில்தான் நிற்கும். கிரேட் ரஸ்ஸல் தெரு முகப்பைவிட, பின்பக்கம் மான்டேகு பிளேஸ் வாசலில் கூட்டம் பெரும்பாலும் குறைவு. முகப்பிலேயே போக நேர்ந்தால் படிக்கட்டின் ஓரத்தில் லிஃப்ட் உண்டு. சக்கர நாற்காலி இரவல் தருகிறார்கள். எண்ணிக்கை குறைவு, காலையிலேயே கேளுங்கள்.

உள்ளே போனதும் நடு முற்றத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குங்கள். 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் கூரையில் 3,312 கண்ணாடித் துண்டுகள்; ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மழையை நனையாமல் பார்க்க இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை என்பது எங்கள் கட்சி.

அடுத்து 33ஆம் எண் கூடத்துக்கும் அதை ஒட்டிய 33ஏ-வுக்கும் போங்கள். ஆந்திரத்தின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து போன சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒரு பலகையின் இரு பக்கமும் செதுக்கியிருப்பார்கள். முதலில் செதுக்கிய பக்கத்தில் போதிமரம், அதன் கீழே ஆளில்லாத ஆசனம். பல தலைமுறை கழித்து அதே கல்லைத் திருப்பிப்போட்டு, மறுபக்கத்தில் முழு ஸ்தூபியையே வடித்திருக்கிறார்கள். அந்த ஒரு கல்லுக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். பண்டைய எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லைச் சுற்றி எப்போதும் கும்பல்தான். எட்டிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: சுரங்க ரயிலா, பஸ்ஸா?

பதில்: பஸ். பழைய சுரங்க நிலையங்கள் பலவற்றில் படியேறாமல் வெளியே வர முடியாது. பஸ் தாழ்தளம், வாசலில் சாய்தளமும் உண்டு. மாடி இருக்கை ஆசையைக் கிளப்பும். ஓடும் வண்டியில் படியேறுவது ஆபத்து, மழையில் கண்ணாடியும் ஆவி படிந்து எதுவும் தெரியாது. கீழே முன்புறம் முதியோர் இருக்கையில் அமரவையுங்கள்.

பஸ்ஸில் ரொக்கம் 2014லிருந்தே வாங்குவதில்லை. தொட்டாலே பணம் கழியும் (contactless) வங்கிக் கார்டை இயந்திரத்தில் தட்ட வேண்டும். 2025 நிலவரப்படி கட்டணம் 1.75 பவுண்டு, முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அவ்வளவுதான். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது, அம்மாவுக்குத் தனிக் கார்டு வேண்டும். முதல் பஸ்ஸில் கார்டையும் அடுத்ததில் அதே கார்டு ஏற்றிய போனையும் காட்டினால், இயந்திரம் இரண்டு ஆளாகக் கணக்கிட்டுச் சலுகையை மறுத்துவிடும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டுங்கள். ரயிலில் இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

கேள்வி: அம்மா சேலைதான் கட்டுவார். குடை போதுமா?

பதில்: போதாது. ஒரு கையில் தடி, ஒரு கையில் குடை என்றால் பஸ் கம்பியைப் பிடிக்கக் கை ஏது? தலைமூடி வைத்த மழைக்கோட்டு, முழங்காலுக்குக் கீழ் வரும் நீளத்தில் வாங்குங்கள். சேலையை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டினால் கரை நனையாது, நகரும் படிக்கட்டிலும் சிக்காது. செருப்பு வேண்டாம், ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ, பையில் மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி.

கேள்வி: மழையில் தேம்ஸ் படகு சரிப்படுமா?

பதில்: சரிப்படும், மூடிய அறைக்குள் உட்காரலாம். ஆனால் கடலின் ஏற்றவற்றம் இந்த ஆற்றிலும் உண்டு. நீர்மட்டம் ஏழு மீட்டர் வரை ஏறி இறங்கும். படகுத்துறை மிதவை என்பதால், வற்றம் இருக்கும் நேரத்தில் கரையிலிருந்து இறங்கும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்து, அதை ஒட்டிய படகில் ஏற்றுங்கள்.