அம்மாவுக்கு அந்தத் தூக்க மாத்திரை வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. சேலத்தில் இருக்கிறார். ஜூலையில் துபாய் வழியாக நியூ ஜெர்சியில் உள்ள என் வீட்டுக்கு வருகிறார். போன தடவை வந்தபோது ஒரு வாரத்துக்கு மேல் ராத்திரி விழித்திருந்து பகலில் தூங்கி வழிந்தார். இந்த முறை டிராவல்ஸ்காரர் பேச்சைக் கேட்டு மருந்துக் கடையில் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறார். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர். மாத்திரை கொடுக்கலாமா? இன்சுலினை எந்த ஊர் நேரப்படி போடுவது?

பதில்: மாத்திரை வேண்டாம். அந்த அட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் விற்கவே கூடாது. 2014 மார்ச் முதல் அது, விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. யாருக்கு, யார் எழுதிக் கொடுத்து, எவ்வளவு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நடப்பது என்ன? பேரைச் சொன்னால் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் மருந்தும் சொல்கிறார். கேட்பதற்கு ஆளில்லை. விமானம் ஏறப்போகும் பெரியவர்கள் பையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

மாத்திரை போட்டவர் நடுவில் எழுந்து பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழலாம். பதினான்கு மணி நேரம் காலை அசைக்காமல் கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து கூடும். உங்கள் அம்மா விஷயத்தில் இதைவிடப் பெரிய பயம் இன்சுலின்தான். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். தூக்கத்தில் இருந்தாலும் பலருக்கு முழிப்பு வந்துவிடும். மாத்திரை அந்த முழிப்பைத் தடுத்துவிடலாம். பக்கத்து சீட்டில் இருப்பவர், பாட்டி நன்றாகத் தூங்குகிறார் என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்.

இத்தனைக்கும் அந்த மாத்திரை உடம்பின் கடிகாரத்தை நகர்த்தாது. அதை நகர்த்துவது கண்ணில் படும் வெளிச்சம். ஜூலையில் உங்கள் ஊர் சேலத்தைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை ஆறரை என்றால் அம்மாவின் உடம்புக்கு விடியற்காலை நாலு மணி. அந்த நேரத்தில் கண் சொக்கத்தான் செய்யும். ராத்திரி ஒன்றரை மணி அவருக்குக் காலை பதினொன்று. எப்படித் தூக்கம் வரும்? அதனால் வந்த மறுநாளிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆறு வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேரம் வெளியே இருக்கட்டும். வெயில் கடுமையாக இருந்தால் மர நிழல் போதும், கறுப்புக் கண்ணாடி மட்டும் வேண்டாம். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் போகக்கூடாது. இரவு ஒன்பது வரை பேச்சுக் கொடுத்து உட்கார வையுங்கள். நடுராத்திரி எழுந்தால் டிவி, போன் இல்லாமல் மங்கலான வெளிச்சத்திலேயே இருக்கட்டும். உடம்பு ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் நகரும். ஒரு வாரம் ஆவது இயல்பு, அது நோய் இல்லை.

தூக்கத்துக்காக உடம்பே சுரக்கும் மெலடோனினை மாத்திரையாகப் போடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அமெரிக்காவில் அது மருந்தாக இல்லாமல் சத்து மாத்திரைபோல விற்கப்படுகிறது. லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை. அம்மாவின் டாக்டர் சரி என்றால் மட்டும் குறைந்த அளவு.

இப்போது இன்சுலின். கிளம்பும் அந்த ஒரு நாள் அவருக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் நீளும். அதனால் விமானத்தில் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வரும். அதற்கு ஊசி உண்டா, எத்தனை யூனிட் என்பதை அவருக்குப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதி வாங்குங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்காமல் "வழக்கம்போலப் போடுங்கள்" என்று அனுப்பிவிடும் டாக்டர்கள் நிறைய. எழுதிக் கொடுக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். யார் என்ன சொன்னாலும் ஒன்று மாறாது: சாப்பாட்டுத் தட்டு மடிமேல் வராமல் ஊசி போடக்கூடாது. தள்ளுவண்டி தூரத்தில் தெரிகிறதே என்று போட்டுவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கி, பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். சுகர் உள்ளவருக்கான சாப்பாடு சொல்லியாகிவிட்டது என்று ஏஜென்ட் சொன்னாலும் நீங்களே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலைந்து மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்க்கட்டும். குளுக்கோஸும் பிஸ்கட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்சுலினும் மீட்டரும் டாக்டர் கடிதத்தோடு கைப்பையில்தான். பெரிய பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டியே வராமலும் போகலாம்.

இதே ஏஜென்ட் விற்கும் பயணக் காப்பீட்டில் "சுகருக்கும் உண்டு" என்பார். ஏற்கெனவே இருக்கும் நோய் என்ற பகுதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

திரும்பும்போது நாள் சுருங்கும். இரண்டு ஊசிக்கு இடைவெளி குறைந்து மருந்து மேல் மருந்து விழும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். போவதற்கு வாங்கும் தாளிலேயே வருவதற்கும் எழுதி வாங்கிவிடுங்கள், அமெரிக்காவில் போய் இதற்காக டாக்டரைத் தேட முடியாது.