கையெழுத்தை அவரே போடட்டும்

வாசகர் கேள்வி பதில். பதில் சொல்பவர் கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். குடியை விட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது குடிநோயாளிகளின் குடும்பங்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறார்.

*

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன மாதம் கடலுக்குப் போன இரண்டாம் நாளே படகில் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை, குடி திடீரென்று நின்றதால் வந்தது, மனநலப் பிரிவுக்கு வாருங்கள் என்றார்கள். மாமியார், கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்கிறார். இவரோ, "மீன்பிடி தடைக்காலம் வரட்டும், ஏப்ரல் 15-க்கு அப்புறம் எங்க வேணும்னாலும் வந்து படுக்கறேன்" என்கிறார். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. காத்திருக்கலாமா? சேர்ப்பது எப்படி?
- பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: தங்கச்சி, தடைக்காலத்தில் சேர்வது நல்ல கணக்குதான். 61 நாள் தொழில் கிடையாது. ஒரு மாதம் உள்ளே, ஒரு மாதம் வீட்டிலிருந்து ஓ.பி. என்று வைத்தால் ஜூன் 14-க்குள் சரியாக முடியும். வேறு யாராவது கேட்டிருந்தால் நானே இந்த யோசனையைச் சொல்லியிருப்பேன். ஆனால் வலிப்பு வந்துவிட்ட ஆளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஐந்து வாரத்தில் அவர் இன்னும் இரண்டு தடவையாவது கடலுக்குப் போவார். கொண்டுபோன சரக்கு தீர்ந்ததும் மறுபடி அதே கதை. கடைசியாகக் குடித்ததிலிருந்து பெரும்பாலும் இரண்டு நாளுக்குள்தான் இந்த வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறலாம். அப்போது படகின் விளிம்பில் நிற்கிற ஆளை யார் பிடிப்பது? இந்த வாரமே போங்கள். தடைக்காலம் எங்கும் போகாது, அதை அப்புறம் மறுபரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். கயிறு கட்டட்டும். ஆனால் கட்டிய அன்றே வெட்டினாற்போல் நிறுத்தினால் திரும்பவும் வலிப்புதான். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கோயில். சேர்க்கிற நாள்வரை வீட்டிலும் பாட்டிலைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள். குடிக்கச் சொல்லவில்லை. மருந்து இல்லாமல் நிறுத்த வைக்காதீர்கள் என்கிறேன்.

சேர்ப்பது காலையில்தான். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும். டாஸ்மாக் 12 மணிக்குத் திறக்கும். இது மூடும்போது அது திறக்கிறது, யார் யோசித்து வைத்தார்களோ! (பின்வாசல் எப்போது திறக்கும் என்பது உங்கள் தெருவுக்கே தெரியும்.) "சரி, போலாம்" என்று அவர் சொல்வது பெரும்பாலும் விடியற்காலையில், கை நடுங்கும்போது. அந்த ஒரு மணி நேரத்தில் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பையை இன்றைக்கே கட்டி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, ஸ்டான்லியில் கொடுத்த ஸ்கேன், சீட்டு எல்லாம், இரண்டு லுங்கி, துண்டு, பல் பொடி, செருப்பு போதும். பிளேடு, இருமல் சிரப், ஷேவிங் லோஷன், மெல்லுகிற மாவா எதையும் உள்ளே விட மாட்டார்கள். நான் மாவா பொட்டலத்தைச் செருப்புத் தோலுக்குள் செருகிக்கொண்டு போனேன். வார்டு ஆயா செருப்பைக் கையில் வாங்கி, எடை பார்க்கிற மாதிரி ஒரு தடவை ஆட்டினார், அவ்வளவுதான், எடுத்துவிட்டார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

டாக்டர் கேட்பவை: கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறதா, முன்பு வலிப்பு வந்ததா, கண் மஞ்சளானதா, ரத்த வாந்தி உண்டா, வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாரா. "ஒரு க்வார்ட்டர்தான் சார்" என்பார் உங்கள் வீட்டுக்காரர். எல்லோரும் அதையேதான் சொல்வோம். நீங்கள் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. வருகிற வழியில் குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நானே மின்ட் பக்கம் ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் குடித்துவிட்டுத்தான் போனேன்.

முதல் ஒரு வாரம், பத்து நாள் உடம்புக்கு மட்டும்தான் வைத்தியம். நடுக்கத்துக்கு மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி, தண்ணீர், தூக்கம். எனக்கு மூன்றாம் ராத்திரி புத்தி போய்விட்டது. கட்டில் கம்பியை லேத் சக்கரம் என்று பிடித்துக்கொண்டு விடியும்வரை சுற்றினேனாம். வாயாலேயே 'கிர்ர்'ரென்று சத்தம் கொடுத்து, நடுநடுவே சீவலை ஊதித் தள்ளினேனாம். அடுத்த கட்டிலில் ஒரு கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அன்று அவள் சிரிக்கவில்லை. இப்படி ஆனால் பயப்படாதீர்கள். இது வீட்டிலோ கடலிலோ வந்தால்தான் உயிருக்கு ஆபத்து அதிகம்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் கவுன்சலிங், குடும்பத்தோடு பேச்சு. உடம்பு தேறியதும் "நான் நல்லாயிட்டேன், வந்து கூட்டிட்டுப் போ" என்று போன் வரும். அழுவார், திட்டுவார், பிள்ளையின் பெயரைச் சொல்வார். ஆட்டோ பிடிக்காதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள். தானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர் தானே கேட்டு வெளியேறவும் சட்டத்தில் உரிமை உண்டு. அதனால் பூட்டி வைக்க முடியாது, பேசித்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே என்றால், உங்களுக்கு ஸ்டான்லிதான் பக்கம், சீட்டும் அங்கேதான் இருக்கிறது. அங்கே படுக்கை இல்லையென்றால் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். நம் ஊரில் அந்தப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி அது. 2025-ல் அரசு 'கலங்கரை' என்று திறந்த போதை மீட்பு மையங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. காசு கட்ட முடியுமென்றால் அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி நடக்கிறது. போகுமுன் போன் செய்து படுக்கையும் கட்டணமும் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் புரியவில்லையென்றால் 14446, போதை மீட்புக்கான இலவச எண்.

ஒன்று விட்டுப்போச்சு. தடைக்காலத்தின் கடைசிப் பத்து நாள் படகுக்கு வண்ணம் அடிப்பது, வலை சரிபார்ப்பது என்று எல்லோரும் துறைமுகத்தில் கூடுவார்கள். அங்கே என்ன ஓடும் என்று நான் சொல்ல வேண்டாம். படகில் ஒருவருக்காவது, முடிந்தால் டிரைவருக்கு, விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

*

கேள்வி: அண்ணா, என் தம்பிக்கு 22 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். ஒரு மையத்தில் கேட்டோம். "வண்டி அனுப்பறோம், நாலு ஆள் வந்து தூக்கிடுவாங்க, மூணு மாசம் பார்க்க வரக் கூடாது" என்றார்கள். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். அனுப்பலாமா? போலீஸ் தொல்லை வருமா?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: தம்பி, அந்த வண்டியில் நான் போயிருக்கிறேன். என் மச்சான்தான் ஏற்பாடு. ராத்திரி லுங்கியோடு தூக்கிப் போட்டார்கள். செங்குன்றம் தாண்டி ஒரு ஷெட், ஒரே கக்கூஸுக்கு முப்பது பேர், டாக்டர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. எதிர்த்துப் பேசினால் அடி. மூன்று மாதம் கழித்து வெளியே விட்டார்கள், நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கடைக்குப் போனேன். மச்சானோடு பல வருஷம் பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

2017 மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநோய்க்கும் பொருந்தும். தானே முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், அவருக்காகப் பேசும் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், மனநல டாக்டர் ஒருவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாளுக்குத்தான். நாலு ஆளும் ஒரு வண்டியும் அந்தச் சட்டத்தில் இல்லை. சங்கிலியும் கூடாது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் 2001-ல் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்ததை உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

பணம் கட்டுமுன் நேரில் போங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எந்தெந்த நாள் வருவார் என்று கேளுங்கள். சமையல்கட்டை எட்டிப் பாருங்கள். பார்க்கவே கூடாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

போலீஸ் பயம் வேண்டாம். சிகிச்சைக்கு வந்தவனைப் பிடித்துக்கொடுப்பது டாக்டர் வேலை இல்லை. தானாக வந்து சிகிச்சை எடுப்பவருக்குச் சிறிய அளவு வழக்கில் விலக்குத் தர, போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊசி என்பதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பரிசோதனையும் கேட்டு எடுத்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடம்பு வலி, பேதி என்று படுத்தி எடுக்கும். அதைவிட எனக்குப் பயம் அவன் வெளியே வருகிற முதல் வாரம்தான். உடம்புக்குப் பழக்கம் விட்டிருக்கும், பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். இதை அவனிடமே சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

*

கேள்வி: தம்பி, பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்து, குடியை மறக்க ஒரு பொடி வாங்கினேன். மகனுக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கச் சொன்னார்கள். கலக்கலாமா?
- ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம்மா. அதில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியுமோ என்னவோ. டாக்டர்கள் தருகிற ஒரு மாத்திரை உண்டு, டைசல்பிராம். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாய்ந்துவிடலாம். அதனால்தான் குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துத்தான் கொடுப்பார்கள். அந்தப் பொடியில் அதுவே கலந்திருந்தால் உங்கள் மகன் ரசம் சாப்பிட்டுவிட்டு நேரே கடைக்குப் போவார். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டான்லிக்குப் போங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.