யார் கட்டின பாட்டு?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்குப் புதுவயல் பக்கம் ஒரு கிராமம். ஆறு வருஷமாகக் கோவில் திருவிழாக்களிலும் கல்லூரி மேடைகளிலும் பாடிக்கொண்டிருக்கிறேன். என்னுடைய இரண்டாவது ஆல்பம் இப்போது தயாராகிவிட்டது. மொத்தம் எட்டுப் பாட்டு. ஐந்து நானே எழுதி மெட்டுப் போட்டவை. இரண்டு என் அப்பத்தா பாடியவை, அவருக்கும் முன்னால் இருந்தே வருபவை. அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. கடைசிப் பாட்டு எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அத்தை நூறு நாள் வேலையில் பாடுவது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டைக் கேட்டு வாங்கி, அதன் வளவில், அதாவது உள்முற்றத்துக் கூடத்தில், வைத்து மூன்று நாளில் பதிவு செய்தோம்.

எல்லாம் முடிந்து இணையத்தில் ஏற்றும்போது சிக்கல். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடலாசிரியர் யார், இசையமைப்பாளர் யார் என்று கேட்கிறார்கள். நான் மதிக்கும் ஓர் ஆசிரியர், "நாட்டுப்பாட்டுக்கு ஏதம்மா ஆசிரியர்? அது மக்கள் சொத்து. எட்டுக்கும் பாரம்பரியம் என்று போடு. உன் பெயரைப் போட்டால் திருட்டு" என்றார். என் தம்பி, "எட்டுக்கும் உன் பெயரையே போடு, யார் வந்து கேட்கப்போறா" என்கிறான். அத்தையிடம் கேட்டால் சிரிக்கிறார். என்ன செய்யட்டும்? பாட்டுகளின் இணைப்பையும் நான் போட்டு வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன். ஆல்பம் வரும்வரை என் பெயரைத் தளத்தில் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகி

*

அன்புள்ள தாயி,

எட்டையும் கேட்டேன். சிலதை இரண்டு முறை. பெயர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் காதில் விழுந்தது.

வளவில் பாடியது நல்ல யோசனை, கொஞ்சம் விபரீதமான யோசனையும்கூட. அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்துக் கண்ணாடி மாதிரி தேய்த்தவை. குரலை உள்ளே வாங்காது, திருப்பி அடிக்கும். தரையும் வழவழப்பு, நடுவில் வானம் பார்த்த முற்றம். ஆறாவது பாட்டில் மூச்சு விடுகிற இடத்தில் புறா சிறகடிக்கிற சத்தம் கேட்கிறது பாருங்கள், அதை எடுக்காமல் விட்டதற்கு உங்கள் ஒலிப்பதிவாளருக்கு ஒரு கும்பிடு. ஆனால் மூன்றாவது பாட்டில் அவரே கணினியில் வேறு எக்கோ சேர்த்திருக்கிறார். வீடே கொடுக்கிற எதிரொலிக்கு மேல் இன்னொரு எதிரொலி எதற்கு? பாயசத்தில் கருப்பட்டியும் போட்டு சீனியும் போட்ட மாதிரி இருக்கிறது. இரண்டாவது பாட்டில் உறுமி ரொம்ப அடங்கிக் கிடக்கிறது. உறுமிக்கு உயிரே அந்த வளைகுச்சித் தேய்ப்புதான். அது கேட்காவிட்டால் உறுமி எதற்கு, ஒரு பெட்டியைத் தட்டியிருக்கலாம். கிடார் எனக்கு உறுத்தவில்லை. ஆர்மோனியமும் வயலினும் எங்கிருந்து வந்தன என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

சரி, பெயர்.

ஆசிரியர் சொன்னதும் தப்பு, தம்பி சொன்னதும் தப்பு. தம்பி சொன்னது பச்சையான தப்பு, அதனால் பயமில்லை. நீங்கள் அதைச் செய்யப்போவதில்லை. ஆசிரியர் சொன்னது கேட்க நல்லதுபோல இருக்கிறது, அங்கேதான் வம்பு. நானும் ஒரு காலத்தில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

நம் பக்கத்தில் பாட்டை எழுதினாள் என்று சொல்வதில்லை, கட்டினாள் என்போம். முளைப்பாரிக் கும்மியில் புதிதாக ஓர் அடி வந்து விழுந்தால், கை தட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவள் கேட்பாள்: "இது யாரு கட்டுனது?" பதிலும் உடனே வரும்: கீழத்தெருவில் இன்னார் மருமகள். பிறகு அவள் மகள் அதைக் கட்டிக்கொடுத்த ஊருக்குக் கொண்டுபோவாள். அங்கே அது அந்த ஊர்க்காரி கொண்டுவந்த பாட்டு. இன்னும் ஒரு தலைமுறை போனால் சும்மா பாட்டு. அதற்கும் பிறகு ஒருநாள் தோளில் ஜோல்னாப் பையும் கையில் நோட்டுமாக ஒருவன் வந்து இறங்கி, "ஆசிரியர் பெயர் அறியப்படாதது" என்று எழுதிக்கொண்டு போவான்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். காவடிச்சிந்து மெட்டு இல்லாமல் அந்தக் கால்கள் நடக்காது. கேட்பவருக்கு அது மண்ணிலேயே முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் காவடிச்சிந்து என்றாலே நினைவுக்கு வருகிற பாட்டுகளைக் கழுகுமலை முருகன்மேல் கட்டியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். 19ஆம் நூற்றாண்டு ஆள், பெயரும் ஊரும் தெரியும். பெயர் தெரிந்ததால் அது மக்கள் பாட்டு இல்லாமல் போய்விட்டதா? நம் சிவகங்கை மாவட்டத்துக்காரர், மாரந்தை ஊர்க்காரர் கே.ஏ. குணசேகரன் மேடையில் 'மனுசங்கடா' என்று எடுத்தால் கூட்டம் கூடவே பாடும். எழுதியவர் கவிஞர் இன்குலாப். பாடியவர் வேறு, எழுதியவர் வேறு என்பது கூடவே பாடியவர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருந்தது. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி பெயரும் அப்படித்தான். வானொலி சொன்னது, 1985இல் 'ஆண்பாவம்' வந்தபோது திரையில் ஓடியது, ஊரும் பேருமாக ஒட்டிக்கொண்டது. கொல்லங்குடியைச் சுற்றி அவர் காலத்தில் பாடிய மற்றப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆசிரியர் குழப்பிக்கொள்வது எங்கே என்றால், உரிமையும் பெயரும் ஒன்று என்று நினைக்கிறார். இதற்கு வெளியூர் போக வேண்டாம், காரைக்குடிக் கதையே இருக்கிறது. இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பன், யுத்தகாலத்துக்குப் பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான், பாரதி பாட்டுகளால் ஓடிய படம். பாரதி பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை அப்போது அவர் கையில் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளைப் பொதுவுடைமை ஆக்க முனைந்தபோது, தம்மிடம் இருந்ததைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு பாரதி பொதுச் சொத்து, யாரும் பாடலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். அதற்காகப் பாரதி பெயரை எடுத்துவிட்டுப் 'பாரம்பரியம்' என்று போடுகிறோமா? பாட்டை ஊருக்கே கொடுத்துவிடலாம். கட்டியவர் பெயர் அதோடு போக வேண்டியதில்லை.

என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல ஆசையில்லை, ஆனாலும்.

1980களின் கடைசி. கல்லல் பக்கத்தில் ஒரு ஊர். நண்பனிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர், பேட்டரி மட்டும் என் காசு. ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஒரு ஆத்தா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அறுபது அறுபத்தைந்து இருக்கும். தாலாட்டுக் கேட்டேன். "தூளியில புள்ளை இல்லாம எப்படிப் பாடுறது" என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிவந்து போட்டபிறகுதான் வாயைத் திறந்தார். புளிப்பிசுக்கு ஒட்டிய கையாலேயே தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

உன்னை அடித்தது யார், மாமனா அத்தையா என்று வரிசையாகக் கேட்கும் தாலாட்டு உங்களுக்குத் தெரியும், எல்லா ஊரிலும் உண்டு. இவர் அதில்தான் தொடங்கினார். நாலாவது சுற்றில் பாதை மாறியது. மாமன் பினாங்கில் கப்பல் ஏறிவிட்டான். ஒவ்வொரு சுற்றுக்கும் கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறது. கடல் நடுவில் மழை, மாமன் மடியில் குழந்தைக்கு வாங்கிய சட்டை நனைகிறது. நாகப்பட்டினம் விளக்குத் தெரிகிறது. அடுத்த சுற்றில் கரை வந்துவிடும் என்று நாம் காத்திருக்கும்போது, குழந்தை தூங்கிவிட்டது என்று பாட்டை நிறுத்திவிட்டார். மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போன அவருடைய தம்பி திரும்பி வரவேயில்லை என்று பிறகு பேச்சுவாக்கில் சொன்னார். மூத்த மகளைத் தூங்கவைக்கக் கட்டிய பாட்டாம்.

கிளம்பும்போது கேட்டார்: "ஏந் தம்பி, எம் பேரப் போடுவீகளா?"

"கட்டாயம் போடுறேன் ஆத்தா" என்றேன்.

ஒரு சிறுபத்திரிகையில் அந்தப் பாட்டு வந்தது. கீழே என்ன இருந்தது தெரியுமா? "பாடியவர்: ஒரு மூதாட்டி, கல்லல் வட்டாரம்." பத்திரிகைக்காரர்கள் வெட்டவில்லை. நான்தான் அப்படி எழுதி அனுப்பினேன். தனி ஆள் பெயரைப் போட்டால் மக்கள் இலக்கியம் சிறுத்துப்போகும் என்று அப்போது ஒரு நம்பிக்கை. கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் போட மட்டும் அந்த நம்பிக்கை தடுக்கவில்லை.

பெயரைக் குறித்த நோட்டு கரையானுக்குப் போனது. கேசட் பூசணம் பிடித்து இழுத்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். அந்த வீடு இருந்த இடத்தில் கருவேல முள். "எந்த ஆத்தாவைக் கேக்குறீக?" என்றார்கள். கப்பல் பாட்டுப் பாடுகிறவர் என்றேன். அப்படி ஒரு பாட்டே அங்கே யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று மட்டும் ஒருவர் சொன்னார். இன்றைக்கு அது பாரம்பரியப் பாட்டு. பாரம்பரியம் ஆக்கியவன் நான்.

உங்கள் எட்டுக்கு வருவோம். நீங்கள் கட்டிய ஐந்துக்கும் பாடல், இசை இரண்டிலும் கூச்சப்படாமல் உங்கள் பெயரைப் போடுங்கள். தெம்மாங்கு நடையில் இருப்பதால் அது உங்களுடையது இல்லை என்று ஆகாது. வெண்பா எழுதுகிறவனிடம் போய் வெண்பா உன்னுடையதா என்று யாராவது கேட்கிறார்களா?

அப்பத்தா பாட்டு இரண்டும் வேறு கணக்கு. அவையும் அவருக்கு முன்னால் இருந்தே வருபவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே 'பாரம்பரியம்' சரிதான். இசைக்கோர்ப்பு மட்டும் உங்கள் பெயரில். மெட்டை உங்களுடையது என்று பதிந்துவிடாதீர்கள். நாளைக்கு அதே மெட்டை இளையான்குடிப் பக்கம் ஒரு பெண் பாடி யூடியூபில் போட்டால், கணினி அவள்மேல் உங்கள் பெயரால் உரிமை கொண்டாடிக்கொண்டு போய் நிற்கலாம். ஆனால் அதோடு விடாமல், "பாடிக் கொடுத்தவர்" என்று அப்பத்தா பெயரும் ஊரும் வர வேண்டும். நாலாவது பாட்டின் தொடக்கத்தில் கைப்பேசியில் பிடித்த அவர் குரல் வருகிறதே, "போதும்டி, இருமல் வருது" என்று சிரிக்கிறாரே, அந்தப் பாட்டில் பாடகர் பட்டியலிலும் அவர் பெயர் சேர வேண்டும். பாட்டு யாருடையதாக இருந்தாலும், பாடியவர் பாடியதற்குச் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது, 50 ஆண்டுக்கு.

எனக்கு உங்கள்மேல் வருத்தம் எட்டாவது பாட்டில்தான். அனுப்பிய பட்டியலில் ஏழுக்கும் யோசித்து யோசித்துக் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அத்தை பாட்டுக்கு மட்டும் யோசிக்காமலே 'பாரம்பரியம்'. நூறு நாள் வேலை வந்ததே 2006இல், முதல் சுற்றிலேயே நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. கண்மாய்க் கரையில் மண்வெட்டியோடு நின்று அட்டையில் வருகை பதியக் காத்திருப்பதைப் பாடுகிற பாட்டு எப்படிப் பாரம்பரியம் ஆகும்? மேஸ்திரியைக் கிண்டல் பண்ணுகிற அந்த மூன்றாவது அடி எந்தக் கொள்ளுப்பாட்டியும் கட்டியிருக்க முடியாது. அந்த அத்தைதான் ஆசிரியர். உயிரோடு உங்கள் தெருவிலேயே இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அவர் ஆசிரியர் இல்லை என்று நினைத்துவிட்டீர்களோ? பாட்டுக் கட்ட எழுத்து எதற்கு.

பாடலாசிரியர், மெட்டமைத்தவர் இரண்டிலும் அவர் பெயர். வருமானத்தில் அவருக்கு எவ்வளவு என்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிதாக எதுவும் வராது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டை 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்டால்தான் காசுக்கணக்கே தொடங்குகிறது. ஆனால் எந்தப் பாட்டு எப்போது பற்றிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும், நாளைக்கு ஒரு படக்காரர் வந்து அந்த எட்டாவதை மட்டும் கேட்கலாம். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேர வேண்டிய பங்கை முழுசாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று 2012இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதெல்லாம் அவர் பெயர் அந்தக் கட்டத்தில் இருந்தால்தான் அவருக்கு உதவும்.

தாளை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். கேட்டதற்குச் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்னொரு தரம் கேளுங்கள். பெயரை ஆதார் அட்டையில் இருக்கிறபடி பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் கூப்பிடுகிற பெயர் வேறாக இருக்கும். எது வேண்டும் என்று அவரையே கேட்டுவிடுங்கள்.