மருந்து இலவசம் என்றாலும் எச்.ஐ.வி. சிகிச்சை ஏன் தடைபடுகிறது?

எச்.ஐ.வி. மருந்தை அரசே இலவசமாகத் தரும்போது வறுமை எப்படிச் சிகிச்சையைப் பாதிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல், தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) இலவசமாக வழங்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் விரிவடைந்தது. ஆனால் மாத்திரைக்கு விலை இல்லை என்பதால், அதைப் பெறுவதற்கும் செலவில்லை என்று ஆகிவிடாது.

கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் இந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்ல வேண்டுமானால், அன்றைய கூலியை இழப்பதோடு, பேருந்துக்குக் காசு புரட்டி, மேஸ்திரியிடம் ஏதாவது ஒரு காரணமும் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் அடுத்த மாவட்டத்து மையத்துக்குப் போகிறவர்களுக்குச் செலவு இன்னும் கூடுகிறது. ஒற்றை அறை வீட்டில் மறைவிடம் இல்லாததால், டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வைப்பவர்களும் உண்டு.

மருந்து வேளைகள் தொடர்ந்து தவறினால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்து, வைரஸ் மீண்டும் பெருகி, மருந்துக்குக் கட்டுப்படாத வகைகள் உருவாகக்கூடும். சத்துக்குறைவால் ஏற்கெனவே தளர்ந்த உடலைக் காசநோயும் எளிதில் பற்றுகிறது. இப்படி வேளை தவறுவதை நோயாளியின் அக்கறையின்மை என்பது அநியாயம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி./எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் பணியிடப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது என்றாலும், சம்பளச் சீட்டே இல்லாத கூலித் தொழிலாளி அதைக் காட்டி வழக்காடுவது மிகக் கடினம். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்குப் பல மாத மருந்தை ஒரே முறையில் கொடுப்பதும், பெரிய மையத்தோடு இணைந்து மருந்து தரும் இணைப்பு மையங்களை வீட்டருகே திறப்பதும், பயணச் செலவைத் தருவதும் அறிவுரையைவிட அதிகம் பயன்படும்.