பிளாக் செய்தால் ஓயாது, புகார் செய்யுங்கள்: விற்பனை அழைப்புகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். இன்டர்நெட் இணைப்போடு வந்த லேண்ட்லைன் ஒன்று வீட்டில் இருக்கிறது. பகலில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் பர்சனல் லோன் வேண்டுமா, மனை வேண்டுமா, இன்சூரன்ஸ் போடலாமா என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி, எழுந்து வருவதற்குள் கட்டாகிவிடும், உட்கார்ந்ததும் மறுபடி அடிக்கும். என் செல்போனிலும் இதே கதைதான். ஒவ்வொரு எண்ணையும் பிளாக் செய்கிறேன், மறுநாள் வேறு எண்ணில் வருகிறார்கள். வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. முதலில் பிளாக் பட்டனை நம்புவதை விட்டுவிடுங்கள். நீங்கள் பிளாக் செய்வது உங்கள் போனுக்கு மட்டும்தான் தெரியும், அழைத்தவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை, அவர் கையில் இன்னும் பல சிம் இருக்கிறது. அவருடைய எண்ணே பறிபோக வேண்டும் என்றால் அது புகாரால் மட்டும்தான் நடக்கும்.

லேண்ட்லைனிலிருந்தே 1909 எண்ணைச் சுழற்றுங்கள். கட்டணம் இல்லை. விற்பனை அழைப்பு எதுவும் வேண்டாம் என்று டிஎன்டி பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த எண்ணுக்குப் பதிவு வேண்டுமோ அந்த எண்ணிலிருந்தேதான் அழைக்க வேண்டும், உங்கள் செல்போனிலிருந்து அழைத்தால் செல்போன்தான் பதிவாகும். செல்போனுக்கு இன்னும் சுலபம்: ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடம் விட்டு, பூஜ்யம் போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் வங்கி ஓடிபியும் கேஸ் புக்கிங் தகவலும் வராமல் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். அவை வரும். நிற்பது விளம்பரம் மட்டும்தான்.

ஆனால் டிஎன்டி போட்டதோடு எல்லாம் அடங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். முறைப்படி பதிவு செய்த டெலிமார்க்கெட்டிங் நிறுவனங்கள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் விளம்பர அழைப்பு செய்ய வேண்டும், டிஎன்டி பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும். உங்கள் அம்மாவை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் இல்லை. சாதாரண பத்து இலக்க செல் எண்ணை வைத்துக்கொண்டு எங்கேயும் பதிவு செய்யாமல் அழைக்கிற லோன் ஏஜென்ட்டுகளும் மனை விற்பவர்களும்தான் இதில் அதிகம். இவர்களுக்கு டிஎன்டி ஒரு பொருட்டே இல்லை.

இவர்களுக்காகத்தான் புகார். டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2018-ல் கொண்டுவந்த விதிகளை 2025 பிப்ரவரியில் திருத்தி இருக்கிறார்கள், அந்தத் திருத்தம் நமக்கு நல்லது செய்திருக்கிறது. முன்பெல்லாம் அழைப்பு வந்த மூன்று நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும், இப்போது ஏழு நாள் அவகாசம். டிஎன்டியில் பதிவு செய்யாதவர்கள்கூட இந்தப் பதிவில்லாத ஆட்கள் மேல் புகார் செய்யலாம். தொலைபேசி நிறுவனம் நடவடிக்கை எடுக்க 30 நாள் இருந்தது, அது 5 நாளாகி இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் இது: ஏழு நாளில் பத்து புகார் வந்தால்தான் ஒரு எண் மேல் கை வைப்பார்கள் என்று இருந்ததை, பத்து நாளில் ஐந்து புகார் என்று குறைத்துவிட்டார்கள். முதல் தடவை சிக்கினால் அந்த ஆளுக்கு 15 நாள் வெளியே போகும் அழைப்புகள் நிற்கும். மறுபடியும் செய்தால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும், எந்த நிறுவனத்தில் வாங்கியிருந்தாலும், ஒரு வருஷத்துக்குப் போகும்.

ஐந்து என்பது பெரிய எண்ணிக்கையா? ஒருவர் ஒரு நாளில் நூறு வீட்டுக்குப் போன் செய்கிறார் என்றால் அதில் ஐந்து பேர் சிரமம் பார்க்காமல் எழுதினால் போதும். ஐந்து பேர் எழுதாததால்தான் அந்த எண் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் டிராய் கண்டிப்பான உத்தரவு போட்டபோது, சில வாரங்களுக்குள் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களையும் இணைப்புகளையும் துண்டித்தார்கள், 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் போயின. அப்படிச் செய்ய முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

லேண்ட்லைனில் ஒரு சிக்கல் உண்டு. அழைத்தவர் எண் தெரியாமல் புகார் செய்ய முடியாது. பழைய கருவியாக இருந்தால் மாற்றிவிட்டு, எண் காட்டுகிற சின்னத் திரை உள்ள போனாக வாங்குங்கள், அந்த வசதி உங்கள் இணைப்பில் இயங்குகிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், போன் பக்கத்தில் ஒரு பேனா. அம்மாவோ அப்பாவோ எண்ணை அன்றைய தினசரி காலண்டர் தாளிலேயே எழுதிவிடட்டும், தேதி அதிலேயே அச்சாகி இருக்கிறது. பக்கத்தில் லோன், மனை என்று ஒரு வார்த்தை. மறுநாள் தாளைக் கிழிக்கும்போது தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள், வாரக் கடைசியில் நீங்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் 1909-ல் சொல்லிவிடலாம். ஏழு நாளுக்குள் வந்துவிடும்.

இன்னொன்று. அழைக்கிற பெண்ணையோ பையனையோ தயவுசெய்து திட்டாதீர்கள். பிளஸ் டூ முடித்து, டிகிரி முடித்து வேறு வேலை கிடைக்காமல் டார்கெட்டுக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அவர்கள், நம் வீட்டுப் பிள்ளைகள்தான். "எந்த வங்கிக்காகப் பேசறீங்கம்மா, ஏஜென்சி பேர் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே லைன் கட்டாகிவிடும்.

கேள்வி: நான் புகார் செய்தேன். இரண்டு நாளில் "உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. அழைப்பு மட்டும் முடியவில்லை. இதற்கு எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும்?

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் எதைச் சொல்லி முடித்தார்கள் என்று பாருங்கள். விவரம் போதாது என்று தள்ளியிருந்தால், இப்போதைய விதிப்படி நான்கு விஷயம் இருந்தாலே புகார் செல்லும்: உங்கள் எண், அழைத்தவர் எண், தேதி, என்ன விஷயமாக அழைத்தார் என்று ஒரு வரி. இதற்கு மேல் கேட்டால் எதிர்த்துக் கேட்கலாம். எழுதும்போது "தொல்லை தருகிறார்கள்" என்று எழுதாதீர்கள், "பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டார், வங்கி பெயர் சொல்லவில்லை" என்று எழுதுங்கள். விற்பனை அழைப்பு என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும்.

"நீங்கள்தான் அந்த நிறுவனத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள்" என்று சொல்லித் தள்ளியிருந்தால் அது வேறு வழக்கு. கடன் ஒப்பிடுகிற ஏதோ ஒரு ஆப்பில் எப்போதோ டிக் அடித்திருப்போம். டிராயின் டிஎன்டி ஆப்பையோ உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் ஆப்பையோ திறந்து உங்கள் விருப்பப் பதிவைச் சரிபாருங்கள், அந்த நிறுவனத்துக்கும் ஒப்புதலை ரத்து செய்கிறேன் என்று ஒரு மெயில் அனுப்புங்கள். அதற்குப் பிறகு வருகிற அழைப்புக்கு அவர்கள் பக்கம் சாக்கு இருக்காது.

புகார் எண்ணிக்கையைத் தப்பாகக் காட்டும் தொலைபேசி நிறுவனங்களுக்கு 2025 திருத்தத்தில் அபராதம் வைத்திருக்கிறார்கள்: முதல் தடவை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் 10 லட்சம். அதனால் புகாருக்குத் தருகிற குறிப்பு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள். எழுத்தில் இருப்பது மட்டும்தான் பின்னால் நிற்கும்.

கேள்வி: என் சொந்த வங்கியே கிரெடிட் கார்டு வாங்கு என்று வாரம் தவறாமல் அழைக்கிறது. வேண்டாம் என்றேன். போன வாரம் கார்டு தபாலில் வந்து நிற்கிறது!

பதில்: கார்டை ஆக்டிவேட் செய்யாதீர்கள், வந்திருக்கிற ஓடிபியையும் யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்காமல் கார்டு கொடுப்பதை ரிசர்வ் வங்கி 2022 கிரெடிட் கார்டு விதிகளில் தடை செய்திருக்கிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் கார்டை இயக்கி அதற்குக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப்போல இரண்டு மடங்கு அபராதமும் உங்களுக்கே தர வேண்டும். நிறைய பேருக்கு இது தெரியாது, வங்கி ஊழியர்கள் தாமாகச் சொல்லவும் மாட்டார்கள். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: கார்டு நிறுவனத்தின் ஆட்கள் வாடிக்கையாளரைக் காலை 10 மணியிலிருந்து இரவு 7 மணி வரைதான் தொடர்புகொள்ளலாம். அவர்கள் அமர்த்துகிற டெலிகாலர்கள் டிராய் விதிகளைக் கடைப்பிடிக்க வைப்பதும் அவர்கள் பொறுப்புதான். "அது ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது" என்று கிளையில் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கிளையில் வாய்ச்சண்டை போடுவதில் பலன் இல்லை. வங்கியின் புகார் பிரிவுக்கு, தேதிகளோடு, எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், புகார் பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. எப்படி என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

வங்கியிலிருந்து உண்மையான அழைப்பு எது என்ற குழப்பத்துக்காக 1600 என்று தொடங்கும் எண் வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்கு சம்பந்தமான அழைப்புக்கு அது, விற்பனைக்கு 140. "உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று சாதாரண செல் எண்ணில் ஒருவர் வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு, நின்றுபோன பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது, ஐஆர்டிஏவிலிருந்து பேசுகிறோம் என்று திரும்பத் திரும்ப அழைப்பு. இதுவும் விற்பனை அழைப்புதானா?

பதில்: இல்லை, இது மோசடி. ஐஆர்டிஏஐ ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு, பாலிசி விற்காது, போனஸ் அறிவிக்காது, யாருக்கும் போன் செய்து பணம் கட்டச் சொல்லாது. "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும்" என்று வருவதும் இதே ரகம்தான். இவற்றுக்கு 1909 போதாது. பணம் இன்னும் போகவில்லை என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதியுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பையும் அங்கே சொல்லலாம். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்ப் பிரிவதற்குள் அதை முடக்கப் பார்ப்பார்கள், அதனால் நேரம்தான் எல்லாம்.

மாமனாரிடம் சொல்லும்போது, ஏமாந்துவிடுவீர்கள் என்று சொல்லாதீர்கள், அவமானமாக எடுத்துக்கொள்வார், அடுத்த தடவை நடந்ததை மறைத்துவிடுவார். "பணம் விஷயம் எதுவானாலும் மருமகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க மாமா" என்று ஒரு வாக்கியத்தை அவர் வாயில் பழக்கிவிடுங்கள். அந்த வாக்கியம் மரியாதையைக் காப்பாற்றும், பணத்தையும்.

கேள்வி: புது சிம் வாங்கினேன். யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி, கடனைக் கட்டு என்று அழைக்கிறார்கள்.

பதில்: துண்டிக்கப்பட்ட எண்களை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அப்படிப் பழையவரின் தலைவலி உங்களுக்கு வந்திருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, இந்த எண் இப்போது என்னுடையது, நீக்குங்கள் என்று அதன் புகார் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள். சிம் வாங்கிய தேதி தெரிகிற ரசீதோ எஸ்எம்எஸ்ஸோ சேர்த்தால் போதும், ஆதார் நகல் எல்லாம் அனுப்ப வேண்டாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுதான்.

கேள்வி: எல்லாம் சரி, என் நம்பர் இவர்களுக்கு எப்படித்தான் கிடைக்கிறது?

பதில்: நாமே கொடுக்கிறோம். மாலில் கார் பரிசு என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அதில் போட்ட சீட்டு. பொருட்காட்சி ஸ்டாலில் எழுதிய நோட்டு. இலவச சிபில் ஸ்கோர் பார்க்கலாம் என்று வந்த லிங்க். எல்லாவற்றையும்விட, ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பில் போடுவதற்கு முன் கேட்கிற "நம்பர் சொல்லுங்க". நாமும் ஏதோ சட்டம் போலச் சொல்லிவிடுகிறோம்.

சட்டம் அப்படி இல்லை. போன் எண் தந்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக்கூடாது, அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பேப்பர் பில் போடுங்க" என்று சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் "சிஸ்டம் எடுக்காது" என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அனேகமாக அவர் வந்ததும் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். அப்போதும் மறுத்தால் கடை பெயர், கிளை, நேரம் குறித்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம்.